ஒரே கிண்ணத்து மஞ்சள்

முள் குத்தியதற்கெல்லாம் மருத்துவமனைக்குப் போவார்களா என்று கேட்டால், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக்காட்டில் வேலை செய்யும் நாங்கள் சிரிப்போம். அன்று சிம்பாங் அம்பாட் தோட்டத்தில் வெட்டிப் போட்ட பனைமட்டைகளை இழுத்தபோது என் கையிலும் தம்பி கையிலும் முள் ஏறியது. அம்மா முள்ளைப் பிடுங்கி, மஞ்சளைச் சுடவைத்து இருவருக்கும் பற்றுப் போட்டார்.

எனக்கு ஆறிவிட்டது. தம்பியோ காயத்தின் வழியே கிருமி ரத்தத்தில் கலந்து, காய்ச்சல் ஏறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தான்.

"மருந்து கிருமியக் கொல்லலையா டாக்டர்?" என்றேன்.

"கொல்லுது. ஆனா கிருமிய எதிர்க்க அவர் உடம்பு கெளப்புன அழற்சி அடங்க மாட்டேங்குது. அதுதான் இப்ப கிட்னி, நுரையீரல் எல்லாத்தையும் கெடுக்குது. கூடப் பொறந்தவங்களுக்குக்கூட ஜீன் ஒரே மாதிரி இருக்காது. உங்களுக்கு ஆறி, அவருக்கு இப்படி ஆனதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

"ஒரே கிண்ணத்து மஞ்சதானே ரெண்டு பேருக்கும் வச்சேன்?" அம்மா திரும்பத் திரும்ப அதையே கேட்டார்.

"உங்க மேல தப்பு இல்லம்மா," என்றார் டாக்டர். அம்மா காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் தம்பி போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகும் அம்மா என் கையை எடுத்து, முள் ஏறிய இடத்தைத் தடவிப் பார்ப்பார். "ஒனக்கு மட்டும் எப்படிடா ஆறுச்சு?"

அது நிம்மதியா, ஆற்றாமையா, எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் அம்மா பக்கத்தில் உட்காரும்போது அந்தக் கையைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.