கேரட் தின்ற விமானி

இன்றும் என் தட்டில் கேரட் விழுந்தால் ஓரமாக ஒதுக்கிவிடுவேன். பிரியாணியோடு வரும் தயிர்ப் பச்சடியில் இருந்தாலும் சரி, கல்யாண வீட்டு அல்வாவில் நெய் சொட்டச் சொட்ட இருந்தாலும் சரி, எனக்கு வேண்டாம். சின்ன வயதில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்பது என் மனைவியின் தீர்ப்பு. அபுதாபி பக்கத்து முசஃபாவில் ஒரு குளிர்காலம் முழுக்க நான் தின்ற கேரட்டைப் பார்த்திருந்தால் அவள் அப்படிச் சொல்லமாட்டாள். ஒரு குதிரை லாயத்துக்கே காணும்.

அப்போது எனக்கு ஏசி கம்பெனி ஒன்றில் வேலை. கட்டடங்களுக்குள் குளிர்காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய்களுக்கு வரைபடம் போட வேண்டும். பொறியியல் படித்தவன்தான். ஆனாலும் தங்கியது கம்பெனி கேம்பில், இரண்டடுக்குக் கட்டிலில், மேல்தட்டில். இராணுவ விமானி ஆக வேண்டும் என்று நினைப்பவன் மேல்தட்டில் படுப்பது பொருத்தம்தான் என்று அறையில் எல்லோரும் கிண்டலடிப்பார்கள்.

ஆசை கல்லூரியில் பிடித்தது. எங்கள் கல்லூரிக்கு மேலே படை விமானங்கள் தாழப் பறந்து போகும். அந்தச் சத்தத்தில் பாடம் நடத்துபவர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். வகுப்பையே நிறுத்துகிற அதிகாரம் உள்ள ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்று அப்போது தெரிந்துகொண்டேன். தேசபக்தி எல்லாம் நேர்காணலில் சொன்ன காரணம். முதலில் வந்தது அந்தச் சத்தத்தின் மேல் வந்த ஆசைதான்.

ஆனால் வெளியே இருக்கிற ஒருவன் அதற்குள் நுழைவது லேசுப்பட்ட காரியம் இல்லை. விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு தேர்வு வாரியம், அதில் தேறினால் மருத்துவப் பரிசோதனை, அதிலும் தேறினால் தரவரிசைப் பட்டியல். பட்டியலில் பெயர் இருந்தால்தான் பயிற்சி. அதற்குப் பிறகும் முழுசாகப் பறக்க வருடங்கள் ஆகும். இதில் எந்தப் படியில் வழுக்கினாலும் மறுபடி அடியிலிருந்துதான். எனக்கோ அந்த மறுபடியும் கிடையாது. வயது வரம்பு நெருங்கிவிட்டது. அந்தத் தடவை விட்டால் ஆயுளுக்கும் தகரக் குழாய்தான்.

தேர்வு வாரியத்துக்கு வருடாந்திர லீவில் மைசூருக்குப் போனேன். மார்பில் ஒரு எண்ணைக் கட்டிவிட்டார்கள். கைப்பிடியையும் கால்பெடலையும் ஆட்டி, திரையில் ஓடும் ஒரு புள்ளியை நடுவில் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். அந்தச் சோதனையை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் செய்ய முடியும். பலகையையும் பீப்பாயையும் கொடுத்துப் பள்ளத்தைத் தாண்டச் சொன்னார்கள். கடைசி நாள் வாசித்த சில எண்களில் என் எண்ணும் இருந்தது. மருத்துவப் பரிசோதனைக்குத் தேதி பிறகு வரும் என்றார்கள். லீவு முடிந்துவிட்டதால் முசஃபாவுக்குத் திரும்பி வந்து காத்திருந்தேன்.

என் கட்டிலின் கீழ்த்தட்டில் இருந்தவர் ஒரு வெல்டர். புதுக்கோட்டைப் பக்கம். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார், கோபம் வந்தால் என்ஜினீயர் சார் என்பார். அறையில் சமையல் அவர் கையில். இத்தனை வருடம் வெல்டிங் நெருப்பைப் பார்த்ததில் அவர் கண்கள் எப்போதும் சிவந்து நீர் கோத்தே இருக்கும். சில நாள் கண்ணில் ஆர்க், அதாவது வெல்டிங் வெளிச்சம், அடித்துவிடும். மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி எரிகிறது என்று துடிப்பார். உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி இரண்டு கண்ணிலும் வைத்துக் கட்டிக்கொண்டு படுப்பார். வெல்டர்கள் எல்லோருக்கும் அதுதான் வைத்தியம். காலையில் எழுந்து டியூட்டிக்குப் போய்விடுவார். அதனால் அவருக்குக் கண்ணுக்கு மருந்து என்றாலே காய்கறிதான்.

"என்னென்ன பாப்பாய்ங்க தம்பி, அங்க?" என்று ஒருநாள் கேட்டார்.

"எல்லாந்தாண்ணே. ரத்தம், நெஞ்சு, காது, உசரம். முக்கியமா கண்ணு."

கண்ணு என்றதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "கண்ணா? அத எங்கிட்ட விடு. உருளைக்கெழங்கு வெளிய இருந்து காப்பாத்தும். உள்ள இருந்து காப்பாத்துறது கேரட்டு. நாளையில இருந்து ஆரம்பிக்கிறோம்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தாண்ணே இருக்கு."

"எனக்குந்தான் ஒருகாலத்துல நல்லா இருந்துச்சு," என்றார்.

கேம்ப் வாசலில் ஒரு பக்காலா உண்டு. பக்காலா என்றால் அங்கே மளிகைக்கடை. கடைக்காரர் கீழக்கரை பாய். அவரிடம் அண்ணன் விஷயத்தைச் சொல்ல, நம்ம ஊர்ப் பையன் விமானம் ஓட்டப்போகிறான் என்று அவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. தினமும் நல்லதாகப் பார்த்து ஒதுக்கி வைத்தார். காலையில் பல் தேய்த்ததும் பச்சைக் கேரட். மத்தியானச் சோற்று டப்பாவில் கேரட் பொரியல். சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தால் கடையில் ஒரு பெரிய டம்ளர் நிறையச் சாறு, குடித்து முடிக்கும்வரை பாய் நகரவிடமாட்டார். வெள்ளிக்கிழமை மீன்குழம்பில்கூட மாங்காய்க்குப் பதில் கேரட் மிதந்தது. மீனே வெட்கப்பட்டிருக்கும். அறையில் யாரும் முகம் சுளிக்கவில்லை. எனக்காக எல்லோரும் தின்றார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுப்பேன். அண்ணனின் கண்ணைப் பார்ப்பேன். தின்றுவிடுவேன்.

மாதங்கள் போனதில் என் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அறையின் மங்கலான விளக்கில் அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. மாறாக எல்லோருக்கும் சந்தோஷம். "தம்பிக்கு மொகத்துல ஒரு தேஜஸ் வந்துருச்சு பாத்தீங்களா?" என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார். "மாஷா அல்லா, மாப்பிள்ளைக் களை," என்பார் பாய். நானும் கண்ணாடியில் பார்த்து, பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அந்த வயதில் யாராவது நிறம் கூடியிருக்கிறது என்றால் நம்பத்தானே தோன்றும்.

தேதி வந்தது. பெங்களூருக்குப் போக எமர்ஜென்சி லீவு கேட்டேன். பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில் இருக்கும். அது வெளியே வர வேண்டுமென்றால், இவன் திரும்பி வருவான் என்று கூட வேலை செய்கிற ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். நான் வராவிட்டால் அவருடைய லீவு ரத்து. அண்ணன் ஊருக்குப் போய் இரண்டு வருடம் தாண்டியிருந்தது. அடுத்து அவர் லீவுதான். யோசிக்கவே இல்லை, போட்டுக்கொடுத்தார். "பாஸ் பண்ணிட்டு வா. வந்து விசாவக் கேன்சல் பண்ணிட்டுக் கெத்தாப் போ," என்றார்.

பெங்களூரில் ஏப்பம் விட்டாலும் கேரட் வாசனை வந்தது. முதல் நாள் உயரம், எடை, கால் நீளம் எல்லாம் சரியாகப் போயின. இரண்டாம் நாள் ஒரு மருத்துவ அதிகாரி, ஜன்னலோரம் நிற்கவைத்து என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். காலணியைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலையும் பார்த்தார். பெங்களூரின் நல்ல வெயில் வெளிச்சத்தில் நானும் அப்போதுதான் பார்த்தேன். என் உள்ளங்கை மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருந்தது.

"காமாலை வந்து எத்தனை நாள் ஆகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வந்ததே இல்லை என்றேன். வயிற்றை அழுத்தி ஈரலைத் தேடினார். ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வரும்வரை மற்றப் பரிசோதனைகள் வேண்டாம், போய் உட்கார் என்றார். என்னோடு மைசூரில் தேறிய ஒருவன் அடுத்த அறைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஈரல் கெட்டவனை யார் விமானத்தில் ஏற்றுவார்கள்? வயதும் முடிந்துவிட்டது. அடுத்த தடவை என்று ஒன்று இருந்தால் மனிதன் எதையும் தாங்கிக்கொள்வான். எனக்கு அது இல்லை. கேரட் என்கிற நினைப்பே அப்போது வரவில்லை. முசஃபா தண்ணீர்தான் என் ஈரலைத் தின்றுவிட்டது என்று நினைத்தேன்.

மாலையில் ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து பாயின் கடைக்குப் போன் போட்டேன். அண்ணனைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"மஞ்சக் காமாலைன்னு சொல்றாங்கண்ணே. கை காலெல்லாம் மஞ்சளா இருக்கு."

அண்ணன் உடனே வைத்தியத்துக்குத் தாவினார். "கீழாநெல்லி! பெங்களூர்ல கெடைக்கும். வேரோட பிடுங்கி, அரைச்சு, மோர்ல கலக்கி..."

"அண்ணே, கும்புட்டுக் கேட்டுக்கிறேன். இனிமே எனக்கு எதையும் திங்கச் சொல்லாதீங்க!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான், நான் கத்தியதைக் கேட்டபிறகுதான், எனக்கே பொறி தட்டியது. திங்கச் சொல்லாதீங்க. என்னத்தைத் தின்றேன்?

மறுநாள் அந்த அதிகாரி ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தார். குழப்பமாக இருந்தார். ஈரலில் ஒரு குறையும் இல்லை. என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளை விழி பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. மெதுவாகத் தாளை மேசையில் வைத்துவிட்டு, "நீ என்ன சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார்.

சொன்னேன். காலைப் பச்சைக் கேரட்டிலிருந்து வெள்ளிக்கிழமை மீன்குழம்பு வரை, ஒன்றையும் விடாமல் சொன்னேன். மனிதர் சீருடையில் இருப்பதை மறந்து சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டு என் உள்ளங்கையைக் காட்டினார். அவரும் பார்த்துவிட்டுச் சிரித்தார். காமாலை என்றால் விழி மஞ்சளாகும், கேரட்டினால் தோல் மட்டும்தான் மஞ்சளாகும், நிறுத்தினால் சில வாரத்தில் போய்விடும், பயப்படாதே என்றார். பிறகு கண் பரிசோதனைக்கு அனுப்பினார். கடைசி வரியின் பொடி எழுத்தைக்கூட வாசித்தேன். கல்லூரியில் கண்ணைச் சோதித்தபோதும் அதே அளவு பார்வைதான் இருந்தது, அதற்குமுன் நான் கேரட்டைக் கண்டதே அபூர்வம் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து தகுதி என்று எழுதிக் கொடுத்தபோது, அப்பாடா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்த அதிகாரி தமிழர் இல்லை. ஆனால் அவருக்கும் புரிந்தது. வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தேன். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். அழுகிற அளவுக்கு எனக்கு ஒன்றும் நடக்கவில்லைதான். நடக்காமல் போனதற்காகத்தான் அழுதேன்.

அன்று போனை எடுத்தது பாய். "தம்பி, இவரு நேத்துலேந்து டியூட்டிக்கே போவல. என் கடையிலயே உக்காந்துருக்காரு. ஒரு வாய் சோறு உள்ள போவல. நாந்தான் அவன் பொழப்பக் கெடுத்துட்டேன்னு ஒரே பொலம்பல். இந்தா, நீயே சொல்லு."

"அண்ணே, பாஸாயிட்டேன். காமாலையெல்லாம் இல்ல. அது கேரட்டு மஞ்ச."

அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நேற்று கத்தியதற்கு மன்னிச்சுக்கங்கண்ணே என்றேன். "கலாஸ், முடிஞ்சுபோச்சு, விடு," என்றார். "கண்ணு?"

"எல்லா எழுத்தும் வாசிச்சேண்ணே."

"அப்பறம் என்ன," என்று சொல்லிவிட்டுப் போனைப் பாயிடம் கொடுத்துவிட்டார்.

சொன்னபடி முசஃபாவுக்குத் திரும்பினேன். நான் வந்து நின்றதால் அண்ணனின் லீவு பிழைத்தது. தரவரிசைப் பட்டியலில் என் பெயர் அடியில்தான் இருந்தது, ஆனால் இருந்தது. விசாவைக் கேன்சல் செய்து முடிக்கவும் அவர் லீவு தொடங்கவும் சரியாக இருக்க, இருவரும் ஒரே விமானத்தில் சென்னைக்குக் கிளம்பினோம். ஜன்னல் ஓரத்தை அவருக்குக் கொடுத்தேன். ஏறியதிலிருந்து கண்ணை இடுக்கி இடுக்கி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "இத ஓட்டுறது கஷ்டமா?" என்று கேட்டார். தெரியலண்ணே, இனிமேதான் படிக்கணும் என்றேன்.

சாப்பாடு வந்தது. தட்டின் மூடியைத் திறந்தால், கோழிக்குப் பக்கத்தில் வேகவைத்த கேரட். அண்ணன் தன் கரண்டியை நீட்டி, என் தட்டிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

"உனக்குத்தான் பாஸாயிருச்சே தம்பி," என்றார். "இனி எனக்குத்தான் கண்ணு வேணும்."