அடுப்பில் ஏற்றாத மீன்

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வேலை செய்யத் தொடங்கியிருந்த சமயம், கப்பலில் சமையல்காரராக இருந்த அத்தை மகன் லீவில் வந்திருந்தார். ஆவணியில் அவருக்கும் எனக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். சேலைகூட எடுத்தாயிற்று. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வீட்டில் இருந்தேன். அத்தானிடம் அதுவரை ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். கதவிடுக்கில் பார்த்த அவருடைய கழுத்தும் சட்டைக் காலரும்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. அப்பா பலசரக்குக் கடையை மத்தியானத்தோடு அடைத்துவிட்டு, அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். நாங்கள் போகும்போதே அத்தை தன் மகனைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

"ஏலே, ஊர் ஊராப் போயி யார் யாருக்கோ ஆக்கிப் போடுத. பெத்தவளுக்கு ஒருநா ஆக்கிப் போட்டிருக்கியா?"

"இன்னைக்குப் போடுதேம்மா. மீன் மட்டும் கரைக்கு வந்த உடனே வாங்கணும்," என்று சொல்லிவிட்டு அத்தான் திரேஸ்புரத்துக்குச் சைக்கிளை எடுத்தார். நல்ல சீலா மீன் ஒன்றோடு திரும்பி வந்தார். செவுள் ரத்தம்போல் சிவந்திருந்தது. அத்தை அதற்குள் புளியை ஊறப்போட்டு, அடுப்பையும் பற்றவைத்திருந்தார்.

"அடுப்பு வேண்டாம்மா."

"பொறவு? வெயில்லயா வச்சு வேவிக்கப் போற?"

"எலுமிச்சம்பழம் வேவிக்கும்."

அத்தை சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. தோலையும் முள்ளையும் நீக்கி, சதையைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, கல் உப்பைத் தூவி, அதன்மேல் எலுமிச்சம்பழங்களைப் பிழிய ஆரம்பித்த பிறகுதான் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எங்களுக்குப் புரிந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

"பூனைக்குப் போடுததை எங்களுக்குப் போடப்போறியால? நான் தொட மாட்டேன், சொல்லிட்டேன்," என்று அத்தையும் எழுந்தார். போகும்போது என் பக்கம் திரும்பி, "ஏளா, நீ தேங்காயைத் திருவிக் குடு. கட்டிக்கிடப் போறவ இப்பவே பாத்து வச்சுக்கோ. நாளைக்கு உனக்கு இதுதான் சோறு," என்றார்.

அப்படித்தான் நான் அடுப்படியில் அவரோடு தனியாக மாட்டிக்கொண்டேன். குனிந்து தேங்காய் திருவினேன். நிமிர்ந்தபோது சட்டிக்குள் பார்த்துத் திடுக்கிட்டேன். கண்ணாடிபோல் இருந்த துண்டுகளின் ஓரமெல்லாம் வெளுத்து, வெந்த மீனைப்போல் ஆகிக்கொண்டிருந்தது. தீ கிடையாது, புகை கிடையாது. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அவரே பேசினார். கப்பல் பழுதாகி ஒரு தீவில் மாதக்கணக்கில் நின்றதாம். பிறகும் அந்த வழியாகவே பலமுறை போக வேண்டியிருந்ததாம். "அங்கனயும் கடலும் தென்னையும்தான். எல்லார் வீட்லயும் இதைச் செய்வாவ. நான் நம்ம ஊருக்குத் தக்கன நல்லமிளகும் கருவேப்பிலையும் சேக்குதேன்."

புளித்த சாற்றை வடித்தார். நான் பிழிந்து கொடுத்த தலைப்பாலை ஊற்றினார். சின்ன வெங்காயம் போட்டார். பச்சை மிளகாயைக் கையில் எடுத்தவர், அதைக் கீழே வைத்துவிட்டு ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்தார். அதில் கொஞ்சம் மீனை அள்ளி வைத்தார். ஒவ்வொரு துண்டையும் விரல்களுக்கிடையில் நசுக்கி, முள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, இன்னும் சிறிதாகப் பிய்த்துப் போட்டார். கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் சட்டியில் மிளகாயையும் மிளகுப்பொடியையும் போட்டார்.

என் கை நின்றுவிட்டது.

எங்கள் தெருவில் சின்னப் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலும் அதைத்தான் செய்வார்கள். அண்ணன் மகன் வந்து தங்கும்போது நானே செய்திருக்கிறேன். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கை தானாகச் செய்யும். அத்தை வீட்டில் சின்னப் பிள்ளைகள் கிடையாது. அத்தையோ பழைய சோற்றுக்குப் பச்சை மிளகாயைக் கடித்துத் தின்கிறவர்.

"அது யாருக்கு அத்தான்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். அதை யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல் பார்த்தார். தேங்காய்ப் பால் அவர் விரலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை வயசு?" என்றேன்.

"மூணு ஆவப்போவுது," என்றார் மெதுவாக.

வெளியே அப்பாவும் அத்தையும் பந்தல் போடுவதைப் பற்றிப் பேசுவது எங்கோ தூரத்தில் கேட்டது.

"அப்பாகிட்ட எப்பச் சொல்லுவிய?"

"சொல்லணும். இன்னைக்கு வேண்டாம். பாப்போம்." சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா முதல் துண்டை வாயில் போட்டு மெல்லுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வேவாத மீனுன்னு சொன்னாத்தாம் தெரியும்," என்றார். "மருமகனே, இதுக்கே ஒரு கடை போடலாம் போலிருக்கே." அத்தானும் சிரித்தார். அவரால் சிரிக்க முடிந்தது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. இன்று வேண்டாம் என்றால் நாளையும் வேண்டாமாகத்தான் இருக்கும். ஆவணி வந்துவிடும்.

நான் அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அத்தானின் இலைக்கு முன்னால் வைத்தேன். நாலு பேர் இருக்கிற இடத்துக்கு நானாக நடந்து போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அது என்னளா தனியா?" என்றார் அத்தை.

"காரம் போடாதது. பிள்ளைக்கு எடுத்து வச்சது."

"எந்தப் பிள்ளைக்கு?"

"அத்தான் சொல்லுவாவ," என்றேன்.

அவர் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, அந்தத் தீவில் ஒரு பெண்ணைக் கட்டியதையும் பிள்ளை பிறந்ததையும் நாலைந்து வார்த்தைகளில் சொல்லி முடித்தார். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். அம்மா அழ ஆரம்பித்தார். அத்தை மட்டும் அசையவில்லை.

"ஆம்பிளையா, பொம்பிளையால?" என்று கேட்டார்.

"பொம்பிளப் பிள்ளை."

அத்தை கையை நீட்டிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். தொட மாட்டேன் என்றவர், ஒரு சின்னத் துண்டை எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்கினார்.

"புளிப்பு கூடிட்டுல. பச்சப்பிள்ளை எப்படித் திங்கும்?" என்றார்.

அத்தானைப் பற்றித் தெரிந்ததைவிட அதுதான் என்னை உலுக்கியது. என் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டு, என் மருமகள் என்று தெருவெல்லாம் சொல்லிவந்த அத்தை, என் கண் முன்னாலேயே முகம் தெரியாத ஒருத்திக்கு மாமியாராகிவிட்டார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்பா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். தேங்காய்ப் பால் காய்ந்து ஒட்டிய கையோடு நான் அவர் பின்னால் நடந்தேன்.