சந்தேகமே கிளம்பாத வகுப்பு

"இருபத்திரண்டு வருஷமா கணக்கு நடத்தறனுங்க. என் கிளாஸ்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒரு சந்தேகம் கேட்டதில்லை. கேக்கற மாதிரி நான் வெச்சதுமில்லை. இனிமேலும் ஒரு சந்தேகம் கிளம்புச்சுன்னா, அது என் கிளாஸா இருக்காது."

ஏற்காட்டில் நடந்த வட்டார ஆசிரியர் கூட்டத்தில், ஒரு கையில் டீயும் மறு கையில் மெதுவடையுமாக தனபால் சார் இதை அறிவித்தார். வடையை வைத்துக்கொண்டு சொல்லப்பட்டது என்பதற்காக அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலர் குறித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பெருமூச்சு விட்டார்கள். அவர்கள் வகுப்பில் பிள்ளைகள் தினமும் எதையாவது கேட்டுத் தொலைக்கிறார்கள் போலிருக்கிறது.

தனபால் பிறந்தது மலையடிவாரத்தில், குப்பனூரில். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். பங்சர் ஒட்டும்போது பக்கத்தில் நின்று "ஏன்" என்று கேட்கும் பிள்ளையை அவருக்குப் பிடிக்காது. தனபால் அதனால் ஏன் என்று கேட்காமலே வளர்ந்து, கேட்காமலே கணக்குப் படித்து, அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியராகி மலையேறினார். அந்தப் பள்ளியின் பெயர் நமக்கு வேண்டாம். கரடியூர் போகிற வழியில், இரண்டு காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது என்பது போதும்.

அவருடைய முறையை உலகம் அறிய வேண்டும். எல்லா ஆசிரியர்களும் காலை நேரத்தைக் கணக்குக்குக் கேட்டுச் சண்டை போடுவார்கள். தனபால் கடைசிப் பீரியடைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சாயங்காலம் பிள்ளைகள் களைத்திருப்பார்கள், சத்தம் போட மாட்டார்கள், கணக்கு தடையில்லாமல் உள்ளே போகும் என்பது அவர் கொள்கை. கரும்பலகையின் இடது மூலையில் ஆரம்பித்து வலது மூலையில் முடிப்பார். முடித்ததும் திரும்பி, "புரிஞ்சுதா?" என்பார். முன்வரிசையில் ஒரு தலை அழகாக ஆடும். "புரிஞ்சுதுங்க சார்" என்று இருபத்து மூன்று குரல்கள் ஒரே குரலாக வரும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு தும்மல் போடக்கூட நேரமிருக்காது. பரீட்சையில் அதே கணக்கை அதே எண்களோடு கொடுப்பார். பிள்ளைகளும் அதே விடையை அப்படியே எழுதுவார்கள். குறை சொல்ல எங்கே இடமிருக்கிறது?

குறை சொன்னவர் ஒருவர்தான், அவர் மனைவி சுதாராணி. தபால் ஆபீசில் வேலை. "ஏனுங்க, பள்ளிக்கூடத்துல ஒருத்தருக்கும் சந்தேகமில்லைங்கறீங்க. ஊட்டுல எனக்கு மட்டும் உங்க பேச்சுல அத்தனையும் சந்தேகமாவே இருக்குதே, ஏனுங்க அது?" என்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் தனபாலுக்கு இருந்ததில்லை. சுதாராணி எட்டாம் வகுப்பு மாணவி இல்லை.

கூட்டத்தில் சொன்ன சொல் மேலே போயிற்று. மலையிலுள்ள பள்ளிகளின் கணக்கு ஆசிரியர்கள் நாற்பது பேர் ஒரு வியாழக்கிழமை வந்து அந்த வகுப்பைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பிடித்துப்போனால் எல்லாப் பள்ளிகளுக்கும் தனபால் முறையே முறை. தலைமையாசிரியை கௌரி டீச்சர் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தின வாரத்தில்தான் தனபாலின் ஸ்கூட்டருக்கு கிளட்ச் கேபிள் அறுந்தது. மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வந்தவர், சாயங்காலம் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் மாணவர்கள் போகும் பஸ்ஸைப் பார்த்தார். நாலே கால் மணிக்கு வரும். கரடியூர் போய்த் திரும்பி, அவர் வீடிருக்கும் ஏற்காட்டுக்குப் போகும். திரும்பி வரும்வரை பனிமூட்டத்தில் ரோட்டோரம் தனியாக நிற்பதா? போன வாரம்தான் அந்த இடத்தில் ஒரு காட்டுமாடு நின்று எல்லாரையும் முறைத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. அதனால் முன்படியில் ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, குரங்குக் குல்லாவைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். குல்லாவுக்கு வெளியே தெரிந்தது மூக்கு மட்டும்தான். அந்த மூக்கை வைத்து யாரும் அவரை அடையாளம் காணவில்லை.

பின்னால் பிள்ளைகள் வந்து நெருக்கி நின்றார்கள்.

"திங்கக்கிழமை தலையாட்டறது யாரு மொறை?" என்றது ஒரு குரல். வகுப்புத் தலைவன் தினேஷ்.

"என் மொறை." இது சிவசக்தி. வகுப்பில் வாயே திறக்காத பெண்.

"அளவா ஆட்டு. போன மொறை நீ நொம்ப ஆட்டிப்போட்ட. அவரு குஷியாகி இன்னொரு கணக்குப் போட்டுட்டாரு. ஓடிவந்து பஸ்ஸைப் புடிக்கறதுக்குள்ள உசுரு போயிருச்சு."

குல்லாவுக்குள் தனபாலின் காது நிமிர்ந்தது. முதலில் அவருக்கு வியப்புத்தான் வந்தது. எஸ்டேட்டில் ஆள் பிரித்துவிடும் ரைட்டர்கூட இத்தனை சீராக முறை போட மாட்டார்.

"தினேசு, எனக்கு ஒண்ணு கேக்கோணும்" என்றது மூன்றாவது குரல். அது சிவரஞ்சனி, கடைசி பெஞ்சு. "மைனஸையும் மைனஸையும் பெருக்குனா எப்படி பிளஸ் வருதுன்னு. ஜூன்ல இருந்து கேக்கோணும்னு இருக்கறேன்."

"கேளு தாயி. கேட்டுப்போட்டு நாலு கிலோமீட்டர் நடந்து வா. மீதிச் சந்தேகத்தை வழியில காட்டுமாடுகிட்ட கேட்டுக்க."

"உனக்குப் புரிஞ்சுதா அது?"

"எனக்கா? இங்க யாருக்குப் புரிஞ்சுது?"

"அப்புறம் எதுக்கு எல்லாரும் புரிஞ்சுதுங்கறோம்?"

"பஸ்ஸுக்குத்தான்" என்றான் தினேஷ், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

கரடியூரில் பிள்ளைகள் இறங்கினார்கள். தனபால் குல்லாவைக் கழற்றவில்லை. இருபத்திரண்டு வருடத்துப் புகழ் ஒரு பஸ்ஸின் கால அட்டவணையால் வந்தது என்று தெரிந்துகொண்ட மனிதர் எந்த முகத்தை வெளியே காட்டுவார்?

ஆனால் அவரை அதிகம் தொந்தரவு செய்தது வேறு. வீட்டுக்கு வந்து, ஒரு தாளில் மைனஸ் இரண்டைப் போட்டார், பெருக்கல் போட்டார், மைனஸ் மூன்றைப் போட்டார். விடை ஆறு. பிளஸ் ஆறு. ஏன்? அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் "அது விதி" என்றார். அவரும் பிள்ளைகளுக்கு "அது விதி" என்றார். விதி என்று சொல்லிவிட்டால் ஜாதகத்தைக்கூட யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. சுதாராணி எட்டிப் பார்த்து, "என்னங்க, ஒரே கணக்கை நாலு தடவை எழுதியிருக்கறீங்க?" என்றார். "அழகா எழுதிப் பாத்தேன்" என்றார் தனபால்.

திங்கட்கிழமை கௌரி டீச்சரிடம் போய், எட்டாம் வகுப்புக் கணக்கை இரண்டாம் பீரியடுக்கு மாற்றித் தரும்படி கேட்டார்.

"ஏனுங்க சார், கடைசிப் பீரியடை ஒருத்தருக்கும் விட்டுத்தர மாட்டேன்னு வருஷம் பூரா சண்டை புடிப்பீங்களே?"

"காலைல வெளிச்சம் நல்லா இருக்குதுங்க டீச்சர்."

கௌரி டீச்சர் ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே பனியில் பத்தடி தூரத்துக் கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. ஆனாலும் மாற்றிக் கொடுத்தார்.

அன்றைக்கே இரண்டாம் பீரியடில் தனபால் ஒரு கணக்கைப் போட்டு முடித்து, "புரி" என்பதற்குள் "புரிஞ்சுதுங்க சார்" என்று வந்துவிட்டது. பழக்கம். அவர் அடுத்த கணக்குக்குப் போகவில்லை. சும்மா நின்றார். மனசுக்குள் இருபது எண்ணினார். வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு இருபது எண்ணுவது எத்தனை நீளமான காரியம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் தலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"சிவசக்தி, போதும் சாமி. கழுத்து வலிக்கப் போவுது" என்றார் மெதுவாக. "பஸ் வர்றதுக்கு இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்குது."

வகுப்புக்கு விஷயம் விளங்கிவிட்டது. தினேஷ் தன் புத்தகத்துக்குள் தலையை விட்டான். வெகு நேரம் கழித்துக் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை, பாதி தூரம், காதளவுக்கு எழுந்தது.

"மைனஸும் மைனஸும் எப்படி பிளஸ் ஆகுதுங்க சார்?"

"வியாழக்கிழமைக்கு மேல சொல்றேன் கண்ணு" என்றார் தனபால். பொய் இல்லை. உண்மைக்குப் பக்கத்து வீடு.

புதன்கிழமை மதியம் சத்துணவுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் தினேஷ் வந்து நின்றான்.

"சார், நாளைக்கு நாப்பது பேரு வர்றாங்களாமா. நாங்க மொறைப்படியே பண்ணிரட்டுங்களா? தலையாட்ட நாலு பேரைப் போட்டுட்டேன். சிவரஞ்சனிகிட்டயும் சொல்லிப்போட்டேன், கேக்க மாட்டா."

"எதுக்குடா?"

"உங்களுக்கு அசிங்கமாயிரக் கூடாதுல்லீங்க."

தனபால் தட்டைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய தட்டு அது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் "சரி, போயி சாப்புடு" என்றார்.

வியாழக்கிழமை வகுப்பு பிரமாதமாக நடந்தது. வட்டத்தின் பரப்பளவு. இடது மூலையில் ஆரம்பம், வலது மூலையில் முடிவு. பின்சுவரை ஒட்டி நாற்பது ஆசிரியர்கள் குறிப்பெடுத்தார்கள். நாலு தலைகள் நான்கு வேகத்தில் இயற்கையாக ஆடின. தினேஷ் அதில் ஒரு கலைஞன்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க சார்."

அப்போது தனபாலின் பார்வை கடைசி பெஞ்சுக்குப் போயிற்று. முறையில் இல்லாத சிவரஞ்சனியும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவர்மேல் வைத்த இரக்கத்தில், நன்றாகவே ஆட்டினாள். அவளுக்குப் பின்னால் நின்ற இளம் ஆசிரியை ஒருவர் நோட்டில் ஏதோ எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார். நாளைக்கு இந்த முறை அந்த ஆசிரியையின் வகுப்புக்கும் போகும். அங்கே எத்தனை பஸ்ஸோ.

தனபால் வட்டத்தை அழித்தார். பலகை நடுவில், அவர் எப்போதும் தொடாத நட்ட நடுவில், மைனஸ் இரண்டு பெருக்கல் மைனஸ் மூன்று என்று எழுதினார்.

"சிவரஞ்சனி, அன்னைக்குக் கேட்டது. இன்னொருக்கா கேளு கண்ணு."

அவள் தினேஷைப் பார்த்தாள். தினேஷ் கூரையைப் பார்த்தான். அவள் எழுந்து கேட்டாள்.

"எனக்குத் தெரியலை" என்றார் தனபால். "விதின்னு சொல்லி வெச்சுட்டேன். நாலஞ்சு நாளா எழுதிப் பாக்கறேன், பிடிபடலை. உங்கள்ல யாருக்காவது ஏதாவது தோணுதா? அவசரமில்லை."

பின்சுவரில் நாற்பது பேனாக்கள் நின்றன. கௌரி டீச்சர் புதிதாக வெள்ளையடித்த சுவரில் சாய்ந்து, புடவை முழுக்கச் சுண்ணாம்பாக்கிக்கொண்டார். தனபால் எண்ணவில்லை, சும்மா இருந்தார். ஒரு நிமிடம் போயிருக்கும். முன்வரிசையில் ஆடுவதற்கென்றே இருந்த தலை ஆடாமல் நிமிர்ந்தது.

"சார், லாரி வெச்சுச் சொன்னா ஒத்துக்குவீங்களா?" என்றாள் சிவசக்தி.

"வந்து சொல்லு."

அவள் பலகையில் மலைப்பாதையைப் போட்டாள், கொண்டை ஊசி வளைவுகளோடு. "காப்பி மூட்டை ஏத்திக்கிட்டு லாரி சேலத்துக்கு எறங்குதுங்க. நிமிஷத்துக்கு ரெண்டு பெண்டு. எறங்கறது மைனஸ், அப்ப மைனஸ் ரெண்டு."

"நிமிஷத்துக்கு ரெண்டு பெண்டா? ஏம்மா, அந்த லாரில பிரேக் இருக்குதா இல்லையா?" என்றார் பின்னாலிருந்து ஒரு ஆசிரியர்.

"எங்கப்பா ஓட்டறதுங்க. பிரேக்கெல்லாம் இருக்குது. கணக்குக்காவ வேகமா ஓட்டறாரு." சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, பாதை நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். "இப்ப லாரி இங்க இருக்குது, பூஜ்யம். மூணு நிமிஷத்துக்கு முந்தி எங்க இருந்துச்சு? முந்திங்கறது மைனஸ் மூணு."

வகுப்பு பாதையை அண்ணாந்து பார்த்தது. ஒன்று, இரண்டு என்று விரல்கள் வளைவுகளை எண்ணின.

"ஆறு பெண்டு மேல!" என்றாள் சிவரஞ்சனி.

"மேலன்னா பிளஸ்" என்றாள் சிவசக்தி. சாக்பீஸ் தூசியைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

வகுப்பில் சத்தம் கிளம்பியது. ஏறுகிற லாரியை வைத்து இன்னொருவன் போட்டான். இல்லை, அது மைனஸில் போய் நிற்கும் என்று தினேஷ் மறுத்தான். பின்சுவரிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் நடு வகுப்புக்கே வந்துவிட்டார்கள். தனபால் பலகையை ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தார், அப்புறம் கீழிருந்து மேலாக. பிறகு போய், சிவசக்தி எழுந்து போனதில் காலியாக இருந்த முன்வரிசை இடத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு அவருக்குக் குட்டையாக இருந்தது, முழங்கால் நெஞ்சில் இடித்தது. கையைத் தூக்கினார், முழுசாக.

சத்தம் அடங்கியது. சிவசக்தி அவரைப் பார்த்தாள்.

"லாரி எறங்கறது மைனஸ், சரி கண்ணு" என்றார் தனபால். "முந்தின நேரத்துக்கு எதுக்கு மைனஸ் போட்ட? அந்த எடம் எனக்குப் புரியலை."