அக்பேனேயின் முகம்

ஹோ நகரத்தின் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அக்பேனே போஃப்ரோட் சுட்டு விற்றாள். கோதுமை மாவில் ஜாதிக்காய் தட்டிப் போட்டு, உருண்டை உருண்டையாகக் கொதிக்கும் எண்ணெயில் விடும் வேலை. விடியலில் அடுப்பு மூட்டினால் வெயில் ஏறும்வரை அந்தச் சட்டியை விட்டு நகர முடியாது. பதினாறு வயதில் தொடங்கியது. அதே வயதில்தான் முகத்தில் பருக்களும் தொடங்கின.

"உனக்கு எண்ணெய் முகம்டி. அதான் இப்படிப் பொங்குது. நல்லா அழுத்தித் தேய்" என்றாள் அக்கா அப்லா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்லாவின் முகம் பிறந்ததிலிருந்தே தடவிவிட்டது போல வழவழவென்று இருக்கும். அப்படிப்பட்ட முகக்காரி சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? தன் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தாலும் பிசுபிசுவென்று ஒட்டியது. எண்ணெய் முகம்தான், சந்தேகமில்லை என்று அக்பேனேயும் முடிவு கட்டிவிட்டாள்.

அன்று முதல் துணி துவைக்கும் கட்டி சோப்பும் சொரசொரப்பான வலைத்துணியுமாகத் தேய்த்தாள். தேய்த்தபின் தோல் இழுத்துப் பிடிக்கும், சிரித்தால் வலிக்கும். எண்ணெய் போய்விட்டது என்று அதற்கும் சந்தோஷப்பட்டாள். ஹர்மட்டான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் ஊரே தோலில் பூசும் ஷியா வெண்ணெயைத் தேடி ஓடும்போது அவள் மட்டும் தொடமாட்டாள். எண்ணெய் முகத்துக்கு இன்னும் எண்ணெயா? தோல் செதில் செதிலாக உரிந்தது. பருக்கள் அடங்கவில்லை, ஆறியவை கறுப்புப் புள்ளிகளாக நின்றுவிட்டன.

அவளுக்கு ஒரு குரல் இருந்தது. தேவாலயப் பாடகர் குழுவில் அவள் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது, பின்வரிசை ஆண்கள் தாங்கள் பாட வேண்டிய அடியை மறந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். குழுவை நடத்திய மாஸ்டர் அக்பேகோ அதற்காக அவர்களைத் திட்டுவார், அவளை ஒன்றும் சொல்லமாட்டார். அவளுக்கு இருபத்திரண்டு வயதானபோது, ஈஸ்டர் ஆராதனையைப் படம் பிடிக்கத் தலைநகர் அக்ராவிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வருவதாகச் செய்தி வந்தது. தனித்துப் பாடும் பகுதியை மாஸ்டர் அவளுக்குத்தான் கொடுத்தார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் மாலை, அந்தப் புள்ளிகளோடு எப்படிக் கேமரா முன்னால் நிற்பது என்று கண்ணாடியையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். எலுமிச்சையைப் பிழிந்து சோப்போடு கலந்து, கண்ணில் நீர் வரும்வரை தேய்த்தாள். காலையில் கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கன்னமும் தோல் உரிந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது.

"காய்ச்சல்னு போய்ச் சொல்லு" என்று அப்லாவை அனுப்பிவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டாள். அந்தப் பாட்டை வேறொரு பெண் பாடினாள். நன்றாகவே பாடினாள் என்றார்கள்.

மறு வாரம் மாஸ்டர் அடுப்படிக்கே வந்தார். அக்பேனே தலை நிமிராமல் உருண்டைகளைப் புரட்டினாள்.

"காய்ச்சல் எப்படிம்மா இருக்கு?"

"விட்டுருச்சு மாஸ்டர்."

"அப்போ புதன்கிழமை பயிற்சிக்கு வருவேல்ல?"

"பாக்குறேன் மாஸ்டர்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், போஃப்ரோட் வாங்கிக்கொண்டு போனார். அவள் அந்தப் புதன்கிழமை போகவில்லை. அடுத்ததும் போகவில்லை. பிறகு போகாதிருப்பதே வழக்கமாகிவிட்டது. சில வருஷங்களில் மாஸ்டர் கெட்டா என்ற ஊருக்கு மாற்றலாகிப் போய், அங்கேயே இறந்தும் போனார்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயதாகும்போது, அப்லாவின் மகள் எலினாம் அக்ராவில் அழகுக்கலை படித்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவளுக்குப் பழகிப் பார்க்க ஒரு முகம் வேண்டியிருந்தது.

"சித்தி, வெறும் தண்ணியும் மென்மையான சோப்பும் வச்சு கழுவிட்டு வாங்க. ஒண்ணும் பூசாதீங்க. சும்மா ஒக்காந்திருப்போம்."

"எதுக்குடி? எனக்கு எண்ணெய் முகம். ஊருக்கே தெரியும்."

"எங்க படிப்புல ஊரு சொன்னத எழுதிக்க மாட்டாங்க சித்தி. பாத்துத்தான் சொல்லணும்."

அன்று ஞாயிற்றுக்கிழமை, அடுப்பு இல்லை. கழுவிவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து, அப்லாவும் சேர்ந்து மூவரும் வேர்க்கடலை உரித்தபடி கதை பேசினார்கள். ஒரு மணி நேரம் போனதும் எலினாம் எண்ணெய் ஒற்றியெடுக்கும் மெல்லிய காகிதத்தை எடுத்து நெற்றியில் ஒத்தினாள், மூக்கில், கன்னத்தில், தாடையில் ஒத்தினாள். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். காகிதத்தில் ஒரு கறைகூட இல்லை.

"இழுத்துப் பிடிக்குதா?"

"எப்பவும் அப்படித்தானே."

"சித்தி, உங்களுக்கு வறண்ட தோல். நல்லாவே வறண்டது. தேய்க்கத் தேய்க்கப் புண்ணாயிருக்கு."

"அப்போ அந்தப் பிசுபிசுப்பு?"

"அது சட்டியிலேர்ந்து ஆவியா வந்து ஒக்காந்தது. அடுப்பு முன்னாடி நின்னா எனக்கும் ஒட்டும்."

அப்லா கடலைத் தோலை ஊதிக்கொண்டே, "எங்க காலத்துல இதையெல்லாம் யாரு பாத்தா?" என்றாள். அக்பேனே எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றாள்.

அதன்பின் கட்டி சோப்பை முகத்துக்குத் தொடவில்லை. ஈரம் காயுமுன் ஷியா வெண்ணெயை மெல்லியதாகத் தடவினாள். அடுத்த மழைக்காலத்துக்குள் எரிச்சல் அடங்கியது, புதுப் பருக்கள் குறைந்தன. பழைய புள்ளிகள் பாதி மங்கின, மீதி அப்படியே நின்றன. ஒரு புதன்கிழமை தேவாலயத்துக்குப் போய்ப் புதிய மாஸ்டரிடம் பேர் கொடுத்தாள். பாடச் சொன்னார். மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடத்தில் குரல் உடைந்து காற்றாகப் போனது. அவர் மரியாதையாக, "நீங்க கீழ்க்குரல் வரிசையில நில்லுங்கம்மா" என்றார். நின்றாள்.

வீடு திரும்பும் வழியில், கூட வந்திருந்த அப்லா கேட்டாள், "இன்னும் எம்மேல கோவமாடி?"

"தேய்க்கச் சொன்னதுக்கா? இல்ல."

"பின்ன எதுக்கு உம்முனு வர்ற?"

அக்பேனே சொன்னாள். "அந்த ஈஸ்டருக்கு அந்த முகத்தோடயே போயிருக்கலாம்க்கா. போகக் கூடாதுன்னு யாரும் சொல்லல."