வாய் தைத்த கோட்டு

என் அப்பா குடை பிடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவார் என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் கிடையாது. கிளட்சைப் பிடிக்க வேண்டி வந்தால் குடைக்காம்பைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். அப்போது அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாரோ சொல்லும் ரகசியத்தைக் கேட்கிறவர் போல இருப்பார்.

அப்பா தோட்டத்து டிரெசர். பெரிய டாக்டர் எப்போதாவது காரில் வந்து போவார். மற்ற நாட்களில் காயத்துக்குக் கட்டுப்போடுவதிலிருந்து பிரசவம் பார்ப்பது வரை எல்லாம் அப்பாதான். எங்கள் டிவிஷனில் ஒரு ஆஸ்பத்திரி, கீழ் டிவிஷனில் ஒரு மருந்துக் கொட்டகை. இரண்டுக்கும் நடுவே செம்மண் சாலை, இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். மழைக்காலம் வந்துவிட்டால் நெகிரி செம்பிலான் மழைக்கு நேரங்காலம் கிடையாது. ஒருநாள் காற்று குடையை மல்லாத்தி, அப்பாவையும் மருந்துப் பையையும் மோட்டாரையும் சேர்த்து வாய்க்காலில் இறக்கிவிட்டது. பஞ்சுருண்டைகள் மிதந்துபோனதைப் பாலெடுக்க மரம் வெட்டப் போன பெண்கள் பார்த்துவிட்டார்கள். அதோடு குடைக்கு முடிவு வந்தது. மழைக்கும் வெயிலுக்கும் தாங்குகிற கோட்டு ஒன்று வாங்கியே ஆகவேண்டும், தம்பின் டவுனுக்கு நானும் வருவேன், நான்தான் பார்த்து எடுப்பேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அம்மா வருகிறாள் என்றால் கடைக்காரர்கள் பாவம். சர்க்கரையில் மணல் இருக்கும் என்று சலித்துப் பார்ப்பவள் அவள். ஒருவன் சிரித்துப் பேசினால் ஏன் சிரிக்கிறான் என்பாள், சிரிக்காமல் போனால் எதை மறைக்கிறான் என்பாள். காலமும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்திருந்த நேரம் அது. காட்டுக்குள் பிந்தாங் தீகா என்று நாங்கள் சொன்ன கம்யூனிஸ்டுகள், காட்டைச் சுற்றிப் பட்டாளம், நடுவில் முள்வேலிக்குள் நாங்கள். காட்டுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று கடையில் மீன் டின்னைக்கூட ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், அன்றைக்கே தின்று தீர்க்கட்டும் என்று. காலையில் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தி, முந்தானை முடிச்சு முதல் பால்வாளி வரை தடவிப் பார்ப்பார்கள். யார் யாரைப் பற்றிப் போலீஸில் சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டோம். அது அடுப்புப் புகை போல, எந்த நேரத்திலும் வீட்டில் இருந்தது.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்த்தவர், அவசரகாலம் தொடங்கிய உடனே காணாமல் போயிருந்தார். ஜொகூரில் வேலை கிடைத்துப் போயிருக்கிறார் என்று அம்மா சொல்வாள். கேட்கிறவர்களிடமெல்லாம் அதையேதான் சொல்வாள், ஒரு சொல்கூட மாறாது. எனக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தராமல் இருக்க முடியாத மாமா, ஜொகூர் போனபிறகு ஒரு மிட்டாய்கூட அனுப்பவில்லை. ஜொகூரில் மிட்டாய் இல்லையா என்று கேட்டதற்கு முதுகில் ஒன்று வாங்கினேன்.

தம்பினில் பழைய கோட்டுகள் விற்ற பாய் கடைக்கு மூவரும் போனோம். பாய் முதலில் எடுத்துக் காட்டியது பட்டாளத்தார் போடுகிற பச்சைக் கோட்டு. தலைக்குக் குல்லாவும் உண்டு. தண்ணீரை ஊற்றிக் காட்டினார், ஒரு சொட்டு நிற்கவில்லை. அப்பாவுக்குக் கண் மின்னியது. அம்மா அதைத் தொடக்கூட இல்லை.

"பச்சையைப் போட்டா பட்டாளத்தான் பிந்தாங் தீகான்னு நெனச்சிச் சுடுவான், பிந்தாங் தீகா பட்டாளத்தான்னு நெனச்சிச் சுடுவான். ரெண்டு பக்கமும் குண்டு வாங்கறதுக்கா காசு கொடுக்கணும்?"

பாய் பச்சையை மடித்து வைத்தார். அடுத்து ஒரு மஞ்சள் கோட்டை விரித்தார். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் போடுவது, மெழுகுத்துணி, காகிதம் போல லேசு. தூரத்திலிருந்தே தெரியும், யாரும் தப்பாக நினைத்துச் சுட மாட்டார்கள். அப்பா போட்டுப் பார்த்தார். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அம்மா கிட்டே வந்து கோட்டின் உள்பக்கத்தைப் புரட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை, ஒற்றைத்துணிதான்.

"மஞ்சக்காமாலை கண்ட மாதிரி இருக்கு," என்றாள். "வேணாம்."

கடைசியாக மூலையில் கிடந்த ஒரு கருநீலக் கோட்டை அவளே இழுத்தெடுத்தாள். தடித்த கித்தான் துணி, உள்ளே கம்பளித் துணி வைத்துத் தைத்தது, முன்னால் பெரிய பெரிய பைகள். யாரோ வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது என்றார் பாய். அம்மா அதை உள்வெளியாகத் திருப்பினாள். உள்துணியை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தாள். ஓரத் தையலை ஓரிடத்தில் நகத்தால் நெருடிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"இந்த ஊர் வெயிலுக்கு இதைப் போட்டா நான் வெந்துடுவேன்லா," என்றார் அப்பா.

"நனையாம வேகுவீங்க," என்றாள் அம்மா. கோட்டு முடிவாகிவிட்டது. கடைக்காரரையே நம்பாதவள் அந்தக் கோட்டை மட்டும் எப்படி ஒரே பார்வையில் நம்பினாள் என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், கோட்டின் பைகள் எல்லாவற்றையும் வாயோடு வாயாக வைத்துத் தைத்தது. வழியில் நிறுத்தும்போது எவனாவது எதையாவது உள்ளே போட்டுவிட்டு, இதோ பார் என்று எடுத்துக் காட்டினால் என்ன செய்வது என்று கேட்டாள். அப்பா பேனாவை எங்கே வைப்பது என்று கேட்டார். காதில் வைக்கச் சொன்னாள்.

மறுநாளே தோட்டம் முழுக்கச் சிரித்தது. கேட்டில் நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் பையன்கள் பைக்குள் கைவிடப் போய், கை நுழையாமல் விழித்தார்கள். அப்பா அம்மாவின் பெயரைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். அவர்களும் சிரித்தார்கள். அப்புறம் அந்தக் கோட்டைக் கண்டாலே தடவாமல் போகவிட்டார்கள். பைகளையே தைத்துவிட்டவள் புருஷன் எதைக் கடத்தப் போகிறான்?

பள்ளி இல்லாத நாட்களில் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து நானும் கீழ் டிவிஷனுக்குப் போவேன். அங்கே மருந்துக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கும் வேலையில் என் பெரியம்மா இருந்தாள், அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. அப்பா போய் இறங்கியதும் கோட்டை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் அடுப்பின்மேல் காயப்போடுவாள். மழையில் நனைந்து வந்தால் சரி. காய்ந்த நாளிலும் வாங்கிக்கொண்டு போவாள், வியர்வை ஈரமாம். காய்ந்த கோட்டை எதற்குக் காய வைக்கிறாள்? எனக்குப் பெரியம்மாமேல் சந்தேகம் வந்தது. பித்தளைப் பொத்தான்கள் அவை. திரும்பும்போது ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பேன். ஒன்றும் குறைந்ததில்லை, ஆனாலும் நான் விடவில்லை.

அப்பாமேலும் சந்தேகம் வந்தது. ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் மாதங்களில் எங்கள் பக்கம் மழை பெய்யாது. தலைக்குமேல் நிழலும் இருக்காது. நாயெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடக்கும். அந்த வெயிலிலும் அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். வெந்துவிடுவேன் என்று கடையில் அழுத அதே மனிதர்! டிரெசருக்கு வெள்ளைக்கார ஆசை வந்துவிட்டது என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அப்படி ஒரு வெயில் நாளில் கேட்டில் புது போலீஸ் சார்ஜன் நின்றார். சிரிக்காத மனிதர். நான் மோட்டாரின் பின்னால் இருந்தேன். மழையே இல்லாதபோது எதற்குக் கோட்டு என்று மலாயில் கேட்டார். அப்பா கோட்டின் கழுத்தை இழுத்து மூடினார். பிறகு தோளைக் குறுக்கிக்கொண்டு, "டெமாம், துவான், டெமாம்," என்றார்.

காய்ச்சலாம்! காலையில் நான்கு தோசை தின்ற மனிதருக்குக் காய்ச்சலாம். நான் வாயைத் திறக்கப் போனேன். அப்பாவின் கை பின்னால் வந்து என் முழங்காலை அழுத்தியது.

சார்ஜன் கோட்டைக் கழற்றச் சொன்னார். தைத்த பைகளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கி, கத்தியை எடுத்து ஒரு பையைக் கீறினார். உள்ளே ஒன்றுமில்லை. அடுத்த பைக்குக் கத்தி போனபோது அம்மாவின் குரல் கேட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குழாயடியிலிருந்து குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

"ஐயோ, நல்ல கோட்டைக் கிழிச்சிட்டானே! யார் தைச்சுக் கொடுப்பா? காய்ச்சக்கார மனுசனோட கோட்டைப் போய்க் கிழிக்கிறானே, இவன் நல்லாருப்பானா?"

மண்ணில் உட்கார்ந்து வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். பெண்கள் கூடிவிட்டார்கள். கான்ஸ்டபிள் பையன்கள் சார்ஜன் காதில் எதையோ சொன்னார்கள், அந்த அம்மா இப்படித்தான், பைகளைத் தைத்ததே அவள்தான் என்று சொல்லியிருப்பார்கள். சார்ஜன் கோட்டை அப்பாமேல் எறிந்து, போ என்றார். ஒரு பைக்காக ஊர் பார்க்க அழுத அம்மாவை நினைத்து எனக்கு மானம் போயிற்று. அன்றைக்குப் பள்ளித்தோழிகள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் எல்லாருக்கும் தெரிய உட்கார்ந்தார். அம்மா அவருக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். காய்ச்சல் இல்லாத மனிதர் ஒன்றும் சொல்லாமல் அதைக் குடித்தார். மறுநாளும் கஞ்சி, அதற்கு மறுநாளும் கஞ்சி. ஊற்றும்போது அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. சண்டை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நான் கல்யாணமாகி லோபாக் என்ற ஊரில் குடியிருந்தபோதுதான் அம்மா இதைச் சொன்னாள். அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். வீட்டில் எங்களுக்காக வைத்திருந்த மலேரியா மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்து, கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்து அனுப்பியிருக்கிறாள். பெரியம்மா அடுப்படியில் தையலைப் பிரித்து எடுத்துக்கொண்டு, திரும்பத் தைத்து அனுப்பிவிடுவாள். மாத்திரை காட்டுக்குள் மாமாவுக்குப் போகும். மாமாவுக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல்.

எனக்குக் கோபம் வந்தது. அகப்பட்டிருந்தால் தூக்கில் தொங்குவது அப்பாதானே, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிச் செய்தாய் என்று கத்தினேன்.

"சொன்னா அவருக்கும் குத்தமாயிடும்னு நெனச்சேன்," என்றாள். "தெரியாதுன்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்டி. கேட்டுல நின்னு டெமாம்னாரு பாரு, அப்பத்தான் தெரிஞ்சுது. டப்பாவை நெனச்சுப் பார்த்தேன். நான் எடுக்க எடுக்க அது கொறையவே இல்லை. அவரு கொண்டாந்து கொண்டாந்து போட்டிருக்காரு."

அதன்பிறகும் அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லையாம். அவள் தைத்தாள், அவர் வெயிலிலும் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வருஷம் மழைக்காலம் வந்த பிறகு ஒருநாள். எதிர்வீடு தெரியாத மழை. அப்பா கீழ் டிவிஷனிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தார். கோட்டு அவர் உடம்பில் இல்லை. மடித்து மருந்துப் பைக்குள் வைத்திருந்தார், ஒரு சொட்டு படவில்லை. கோட்டை வைத்துக்கொண்டே நனைந்து வந்தவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

"இனிமே கோட்டைக் காயப்போட வேணாமாம்," என்றார் அப்பா. "உங்கக்கா சொல்லச் சொன்னாங்க."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். "எப்பவாம்?" என்று மட்டும் கேட்டாள். முந்தாநாள் என்றார் அப்பா. பக்கத்து வீட்டில் ஆள் இருந்தார்கள். அழுதால் யாருக்காக என்று கேள்வி வரும், ஜொகூரில் வேலை பார்க்கிற தம்பிக்காக அழ முடியுமா?

அம்மா கோட்டை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பாவின் சவர பிளேடை எடுத்து, தைத்திருந்த பைகளின் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு நூலாக இழுத்துத் தரையில் போட்டாள். சார்ஜன் கீறிய பையின் கிழிசலை மட்டும் ஒழுங்காக ஒட்டுப்போட்டாள். முடித்ததும் எழுந்து அப்பாவின் ஈர உடம்பின்மேல் அதைப் போர்த்திவிட்டாள்.

"இந்தாங்க. இனிமே கைய விட்டுக்குங்க."

அப்பா இரண்டு கைகளையும் பைகளுக்குள் விட்டுக்கொண்டு, வீட்டு நடுவில், தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். மழை விட்டதும் லயத்துக்கு ஓடினேன். எங்கள் அம்மாவுக்கு இனிமேல் யார்மேலும் சந்தேகம் கிடையாது, எல்லாப் பைகளையும் திறந்துவிட்டாள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன்.