பாயிண்ட் எட்டு எங்கிருந்து வந்தது?

பவுசியாவின் கட்டுரை முடிந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்ட் மெஷின் ஓட்டும் சேக் அலாவுதீனின் இரண்டாவது மகள் அவள். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியலில் பிஎச்டி செய்துகொண்டிருந்தாள். தாமிரமும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு பொருள் எந்த ஆற்றலில் ஒளியை விழுங்கத் தொடங்குகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது அவள் வேலை. அதே பொருளைக் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பூசி அளந்து பார்ப்பது தோழி சுகுணாவின் வேலை.

சுகுணா அளந்தது 3.5 எலக்ட்ரான் வோல்ட். பவுசியாவின் கணக்கில் வந்தது 2.7. எளிய கணக்கு இப்படிக் குறைத்துத்தான் காட்டும். ஓர் எலக்ட்ரான் தனியாக நகர்வதில்லை. அக்கம்பக்கத்து எலக்ட்ரான்களை விலக்கி, அந்தக் கலக்கத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. அப்படிச் சேர்ந்து போவதைக் குவாசி துகள் என்பார்கள். எளிய கணக்குக்கு அது பிடிபடாது; ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும்.

"பாயிண்ட் எட்டு கூட்டிப் போடும்மா. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றார் அவளுடைய கைடு திருப்பதி.

போட்டாள். அவள் கணக்கின் வரைபடமும் சுகுணா அளந்த வரைபடமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. 'மிகச் சிறப்பாகப் பொருந்துகிறது' என்று எழுதி அனுப்பினார்கள்.

மூன்று மாதம் கழித்து, கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளரிடமிருந்து ஒற்றை வரிக் கேள்வி வந்தது. அந்த பாயிண்ட் எட்டு எங்கிருந்து வந்தது?

பவுசியாவுக்கு முகம் சூடானது. சுகுணாவின் அளவிலிருந்து தன் விடையைக் கழித்து எடுத்த எண் அது. பிறகு பொருந்தாமல் எப்படிப் போகும்?

திருத்தத்தைக் கடன் வாங்காமல் தானே கணக்கிட உட்கார்ந்தாள். சென்னையிலிருந்த பெரிய கம்ப்யூட்டரில் கணக்கு ஒரு மாதம் ஓடியது. விடை 4.7. சுகுணாவின் அளவை விட்டு எங்கோ போய்விட்டது. உள்ளீட்டை மூன்று முறை சரிபார்த்தாள். தவறு எதுவும் அகப்படவில்லை.

"அப்ப என் பிலிம்தான் தப்புங்கிறியா?" என்றாள் சுகுணா.

"நான் அப்படிச் சொல்லலடி."

"வேற எப்படிச் சொன்னே?"

பத்து நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதற்குள் சுகுணா புதிதாக மூன்று படலங்கள் செய்து அளந்தாள். 3.5, 3.5, 3.4. தாளை பவுசியாவின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் பவுசியா ஊருக்குப் போனாள். வாசலிலேயே அத்தா சேக் அலாவுதீன் கேட்டார்.

"ஏன்மா ஒரு மாதிரியா இருக்கே?"

"தப்பா செஞ்சப்ப சரியா வந்துச்சுத்தா. சரியா செஞ்சா தப்பா வருது."

"எனக்கு ஒண்ணும் வெளங்கலையேம்மா. மீன் வாங்கியாந்திருக்கேன், சாப்பிடு" என்றார்.

திரும்பி வந்தவள் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்துப் பார்த்தாள். ஒளி பட்டு மேலே தாவும் எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற வெற்றிடமும் ஒன்றையொன்று இழுக்கும். அந்த இழுப்பு விடையைக் கீழே கொண்டுவரும். 3.5 வரை இறங்கும் என்று நம்பினாள். பத்தொன்பது நாள் காத்திருந்ததில் 4.1-ல் வந்து நின்றது. மகிழ்வதா அழுவதா என்று தெரியாமல் சுகுணாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இப்ப எதுதான் சரி?" என்றாள் சுகுணா, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே.

"சத்தியமாத் தெரியல."

இருவருமாக எல்லா எண்களையும் ஒரே அட்டவணையில் போட்டார்கள். திருப்பதி அதை வாங்கிப் பார்த்தார். பிறகு 'மிகச் சிறப்பாகப் பொருந்துகிறது' என்ற வரியை அவரே அடித்து நீக்கினார். "இப்படிப் போனா ரிஜெக்ட்டுதாம்மா" என்றார். ஆனாலும் அனுப்பச் சொன்னார்.

கட்டுரை ஏற்கப்பட்டது. கூடவே, அணுக்களின் அதிர்வைக் கணக்கில் எடுத்தால் இன்னும் குறையலாம் என்று ஒரு குறிப்பும் வந்தது. எவ்வளவு குறையும் என்று அதில் இல்லை.

வாய்மொழித் தேர்வில் ஒருவர் கேட்டார்: "நாலு நம்பர் குடுத்திருக்கீங்க. நீங்க எதை நம்புறீங்க?"

"சுகுணா அளந்ததை நம்புறேன் சார். என் கணக்கு ஏன் அதுக்குப் போகலைன்னு இன்னும் எனக்குப் புரியலைங்க."

கேட்டவர் தலையாட்டினாரா, உதட்டைப் பிதுக்கினாரா என்று பவுசியாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. பட்டம் கிடைத்தது. இப்போது அறந்தாங்கிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். அதிர்வுக் கணக்கு சென்னையில் ஓடிக்கொண்டிருக்கிறது.