குமாஸ்தாவின் பயம்

பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியைப் பற்றி ஒரு நாவல் எழுதினேன். அதில் வரும் குமாஸ்தா, பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பார். வாசகர்கள் சிரிக்கட்டும் என்றே அவரை அப்படி எழுதினேன்.

முத்தியால்பேட்டையில் அதை டைப் செய்துகொண்டிருந்த சலீம், அந்த அத்தியாயத்தில் நிறுத்திவிட்டார்.

"எனக்கும் இந்த வியாதி இருக்கு சார். பூட்ட மறுபடி பாக்கலன்னா என் பொண்ணுக்கு ஏதாவது ஆயிடும்னு தோணும். ஆவாதுன்னு தெரியும். ஆனாலும் திரும்பிப் போறேன். நீங்க அந்த பயத்த எழுதவே இல்லியே."

அந்தக் காலத்துப் பூட்டு எப்படி இருந்தது என்று மாதக்கணக்கில் தேடியவன் நான்.

அத்தியாயத்தை முழுவதும் மாற்றி எழுதி அவரிடமே கொடுத்தேன். டைப் செய்து முடித்ததும், "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"பயமா இருக்கு சார்," என்றார்.

வரலாற்று நாவலுக்கு அந்தக் காலத்தைத் தெரிந்துகொண்டால் போதும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.